வீட்டில் பாட்டுப் பதிவு: தாமதம், கரகரப்பு, இரைச்சல் பற்றி நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டிலேயே ஒரு லேப்டாப்பும், மைக்கை அதோடு இணைக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். காவடிப் பாட்டு, தாலாட்டு, கீபோர்டு வகுப்பு, கச்சேரிப் பயிற்சி என்று ஆளுக்கொரு காரணம். 1940களில் ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படமெடுத்த ஊர் இது. அன்றைக்கு ஒலிப்பதிவு என்றால் அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டும். இன்றைக்கு வீட்டு நடு முற்றமான வளவை ஒட்டிய ஓர் அறை போதும். ஆனால் அந்த அறையில் ஏதாவது கோளாறு வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நான் நேரில் போய்ச் சரிசெய்து கொடுத்த இடங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

எதில் இருந்து தொடங்குவது? எல்லா அமைப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரியாகவில்லை.

மாற்றுவதை நிறுத்திவிட்டு முதலில் கேளுங்கள். கோளாறு பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒலி பிந்தி வருகிறதா? இடையில் அறுபடுகிறதா? ஒலியோடு வேறு ஏதோ சத்தம் சேர்ந்து வருகிறதா? பிந்தி வந்தால் பஃபரையும் (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்), இன்டர்ஃபேஸைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரையும் பாருங்கள். அறுபட்டால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது. வேறு சத்தம் சேர்ந்தால் கேபிள், மின்சாரம், கெயின் (மைக் ஒலியைக் கூட்டும் அளவு), அறை இவற்றில் ஒன்று. இரைச்சலுக்குப் பஃபரை மாற்றுவதும், தாமதத்துக்குக் கேபிளை மாற்றுவதும் நான் போன பாதி வீடுகளில் நடந்திருக்கிறது.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் பத்து நொடி பதிந்து கேளுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பாடுவது ஹெட்ஃபோனில் கொஞ்சம் பிந்திக் கேட்கிறது. தாளமே நிற்க மாட்டேன் என்கிறது. எதனால்?

கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாள்வதில்லை. ஒரு சின்னக் குடம் நிறையும்வரை காத்திருந்து, நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போகும். அந்தக் குடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். குடம் பெரிதானால் கணினிக்கு நிதானம் கிடைக்கும், நமக்குக் காத்திருப்பு கூடும். குடம் சிறிதானால் ஒலி சீக்கிரம் வரும், கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் 48,000 அளவுகள், எடுக்கிறோம் என்றால், 256 சாம்பிள் பஃபர் நிறைய 5.3 மில்லிசெகண்ட் ஆகும். மைக்கில் இருந்து உள்ளே வர ஒரு பஃபர், ஹெட்ஃபோனுக்கு வெளியே போக இன்னொன்று. ஆக 10.7. இன்டர்ஃபேஸ் ஒலியை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்கும் நேரமும், டிரைவர் பாதுகாப்புக்கென்று வைத்துக்கொள்ளும் நேரமும் இதோடு சேரும். பஃபர் 1024 என்றால் போகவர மட்டுமே கிட்டத்தட்ட 43 மில்லிசெகண்ட்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படிப் பார்த்தால் 10 மில்லிசெகண்ட் என்பது மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 43 மில்லிசெகண்ட் கிட்டத்தட்ட 15 மீட்டர். வீட்டு முகப்பில் நின்று பாடுகிறவர் தன் குரலை உள்ளே இரண்டாங்கட்டில் இருந்து கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது உங்களுக்கு. கீபோர்டு வாசிக்கிறவர் 10, 12 மில்லிசெகண்டைப் பொறுத்துக்கொள்வார். பாடுகிறவருக்கு அது கடினம். அவருடைய குரல் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடும், ஹெட்ஃபோன் வழியாக வரும் குரல் பின்னால் வந்து அதோடு மோதும்.

சரி, பஃபர் எவ்வளவு வைக்கலாம்?

பதியும்போது 128 அல்லது 256. பதிந்து முடித்து, ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்குக்கு உட்காரும்போது 1024. மிக்ஸிங்கில் யாரும் பாடப் போவதில்லை, ஆகவே தாமதத்தால் நட்டமில்லை. 64, 32 என்று இறக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சாதாரண லேப்டாப்பில் அதனால் கிடைப்பது கரகரப்புத்தான்.

விண்டோஸில் ஒரே இன்டர்ஃபேஸ் நான்கு பெயரில் தெரிகிறது. எதை எடுப்பது?

ஆசியோ என்று இருப்பதை எடுங்கள். ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1990களில் உருவாக்கிய முறை இது. விண்டோஸின் வழக்கமான ஒலி வழியைச் சுற்றிக்கொண்டு போகாமல், பதிவு மென்பொருளையும் இன்டர்ஃபேஸையும் நேராகப் பேச வைக்கும். உங்கள் இன்டர்ஃபேஸைச் செய்த நிறுவனமே அதற்கான ஆசியோ டிரைவரைக் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுவுங்கள். ஆசியோஃபோர்ஆல் என்ற பொதுவான இலவச டிரைவர், நிறுவனம் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ள வேண்டியது. நிறுவன டிரைவர் இருக்கும்போதே இதையும் போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் குழம்பி நின்ற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. கோர் ஆடியோ என்ற ஒலி முறை அதிலேயே இருக்கிறது, பல இன்டர்ஃபேஸ்களுக்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை.

பஃபரைக் குறைத்தால் கரகரப்பு, கூட்டினால் தாமதம். நடுவில் வழியே இல்லையா?

இருக்கிறது. உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ, ஒரு பக்கம் இன்புட் மறுபக்கம் பிளேபேக் என்று எழுதிய திருகோ இருக்கும். அதைத் திருப்பினால் உங்கள் குரல் கணினிக்குள் போய் வரக் காத்திருக்காமல், இன்டர்ஃபேஸில் இருந்தே நேராக உங்கள் காதுக்கு வந்துவிடும். தாமதம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. பஃபரை 512இல் வைத்துக்கொண்டுகூட நிம்மதியாகப் பாடலாம்.

வயதானவர்களைப் பாட வைக்கும்போது நான் இதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. எண்பது வயது ஆச்சியிடம் போய் “கொஞ்சம் பிந்திக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லக் கூடாது. அவர் காதுக்கு அவர் குரல் உடனே போக வேண்டும், அல்லது ஹெட்ஃபோனே இல்லாமல் பாட வேண்டும்.

இதில் ஒரு குறை, மென்பொருளில் போட்ட ரிவெர்ப் என்ற எதிரொலி உங்கள் நேரடிக் குரலில் கேட்காது. ரிவெர்ப் இல்லாமல் பாட வராது என்பவர்களுக்கு, அந்த எஃபெக்டை மட்டும் தனியாகக் கணினியில் இருந்து அனுப்பலாம். எதிரொலி 10, 20 மில்லிசெகண்ட் பிந்தி வருவது இயல்பாகவே கேட்கும்.

டைரக்ட் மானிட்டர் போட்டேன். இப்போது குரல் இரண்டாகக் கேட்கிறது, குழாய்க்குள் பாடுவது மாதிரி இருக்கிறது.

பாடுவதைக் காதுக்கு அனுப்பும் மானிட்டர் மென்பொருளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேராக வரும் குரலும் சுற்றி வரும் குரலும் சேர்ந்து ஒன்றையொன்று சில இடங்களில் அழித்துக்கொள்கின்றன. டிராக்கில் இருக்கும் மானிட்டர் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் போடலாமா?

பதியும்போது வேண்டாம். புளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் 100, 200 மில்லிசெகண்ட் போய்விடும், அதை எந்த அமைப்பாலும் ஈடுகட்ட முடியாது. வயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

மீட்டர் ஆடுகிறது, பதிவும் ஆகிறது. ஆனால் குரல் எங்கோ தூரத்தில் இருந்து வருகிறது. மைக் கெட்டுவிட்டதா?

மைக் நன்றாகத்தான் இருக்கும். மென்பொருள் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் மைக்கில் இருந்து பதிந்துகொண்டிருக்கிறது. சோதிக்க ஒரு நொடி போதும். உங்கள் மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், பிறகு லேப்டாப்பின் விளிம்பைச் சுரண்டுங்கள். எதற்கு மீட்டர் துள்ளுகிறதோ அதுதான் பதிகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் அப்பத்தா பாடும் தாலாட்டை ஒரு நாள் மதியம் முழுக்கப் பதிந்தேன். நல்ல மைக்கை அவர் முன்னால் ஸ்டாண்டில் வைத்திருந்தேன். மீட்டர் ஆடியது, நானும் நம்பினேன். இரவு போட்டுக் கேட்டால் லேப்டாப் விசிறியின் இரைச்சல் முன்னால், அப்பத்தாவின் குரல் பின்னால். மறுநாள் மறுபடி பாடச் சொன்னேன், பாடினார். ஆனால் தாலாட்டு மனப்பாடச் செய்யுள் மாதிரி வராது. மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் முதல் நாள் பாடிய அடிகள் வரவில்லை, வேறு அடிகள் வந்தன. அவையும் அழகுதான். முதல் நாள் அடிகள் அந்த விசிறிச் சத்தத்துக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் முதல் பாட்டுக்கு முன்னால் மைக்கைச் சுரண்டிப் பார்ப்பேன். அரை நிமிடம் பேச வைத்துப் பதிந்து, ஹெட்ஃபோனில் திருப்பிக் கேட்ட பிறகுதான் பாட்டு.

பதிவில் “டிக், டிக்”, “பொட், பொட்” என்று வருகிறது. பஃபர் 512 வைத்தும் போகவில்லை.

குடம் நிறைந்த பிறகும் கணினி நேரத்துக்கு எடுக்க வரவில்லை. நடுவில் வேறு வேலை குறுக்கிடுகிறது. பஃபரை இவ்வளவு கூட்டியும் போகவில்லை என்றால், குறுக்கிடுவது யார் என்று தேட வேண்டும்.

முதல் சந்தேகம் வைஃபை மேல். அணைத்துவிட்டுப் பதிந்து பாருங்கள், நிறைய வீடுகளில் இதோடு தீர்ந்திருக்கிறது. அடுத்து, பின்னணியில் படங்களையும் கோப்புகளையும் இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள். பிறகு, விண்டோஸின் மின்சார அமைப்பு சிக்கனத்தில் இருந்தால் அதை முழுத்திறனுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி துளைகளைத் தூங்க வைக்கும் அமைப்பையும் அணையுங்கள். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். இவ்வளவு செய்தும் போகவில்லை என்றால், லேட்டன்சிமான் என்று ஒரு மென்பொருள் கிடைக்கும். அது எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு காட்டும்.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் லேப்டாப் சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடியது மதியம் கரகரக்கும். மெத்தை மேலோ ஜமக்காளத்தின் மேலோ லேப்டாப்பை வைத்தால் அடியில் காற்றுப் போகாது. மரப்பலகையில் வைத்து, பின்பக்கம் இரண்டு சின்னக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள்.

நேற்று வரை தாமதம் இல்லை. இன்று திடீரென்று பெரிய தாமதம். பஃபரைத் தொடவே இல்லை.

நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் பதிவு மென்பொருளில் ஒரு ப்ளக்-இன், அதாவது கூடுதல் எஃபெக்ட், போட்டிருப்பீர்கள். சில ப்ளக்-இன்கள் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து வேலை செய்யும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் போடும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, சில இரைச்சல் நீக்கிகள் இந்த வகை. அவற்றுக்காக மென்பொருள் மற்ற எல்லா டிராக்கையும் பிடித்து நிறுத்தி வைக்கும். மாஸ்டரில் இருப்பதையெல்லாம் அணைத்துப் பாருங்கள். பதியும் காலத்தில் மாஸ்டர் காலியாக இருப்பது நல்லது.

ஹெட்ஃபோனில் தாளத்தோடு சரியாகத்தான் பாடினேன். பதிந்ததைப் போட்டால் ஒவ்வோர் அடியும் கொஞ்சம் பிந்தி விழுகிறது.

இது காதில் கேட்கும் தாமதம் இல்லை. பதிந்த ஒலியைக் காலக்கோட்டில் எங்கே வைப்பது என்பதில் வரும் பிழை. போகவர எவ்வளவு நேரம் ஆனது என்று டிரைவர் சொல்லும், மென்பொருள் அதைக் கழித்துக்கொண்டு வைக்கும். டிரைவர் தவறாகச் சொன்னால் எல்லாம் ஒரே அளவில் தள்ளிப்போகும். ஒரே அளவில் என்பதைக் கவனியுங்கள். சில அடி முந்தி சில அடி பிந்தி என்றால் அது பாடியவரின் தாளம்.

அளந்து சரிசெய்யலாம். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டில் இருந்து அதன் இன்புட்டுக்கே ஒரு கேபிள் போடுங்கள். கெயினைக் குறைத்து, மானிட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஒரு டிராக்கில் மெட்ரோனோம் தட்டு ஒன்றை ஓடவிட்டு, இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும். 48,000 விகிதத்தில் 480 சாம்பிள் தள்ளியிருந்தால் 10 மில்லிசெகண்ட். அந்த எண்ணை மென்பொருளின் பதிவு அமைப்பில் ஈடாகக் கொடுத்துவிடலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் இதற்கு இடம் உண்டு. ஆடாசிட்டி என்ற மென்பொருளில் லேட்டன்சி காம்பன்சேஷன் (தாமத ஈடு) என்ற பெட்டியில் மைனஸ் 130 மில்லிசெகண்ட் என்று ஏற்கெனவே போட்டிருக்கும், அதை உங்கள் அளவுக்கு மாற்றுங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

ஒரு கட்டை சுருதியில் பாடியது. போட்டுக் கேட்டால் சுருதி ஏறிக் கிடக்கிறது, பாட்டும் ஓடுகிறது.

சாம்பிள் ரேட் பொருந்தவில்லை. 44,100இல் பதிந்ததை 48,000 என்று நினைத்து வாசிக்கிறது கணினி. வேகம் கிட்டத்தட்ட நூற்றுக்கு 9 பங்கு கூடும். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் போய் நிற்கும். எந்தச் சுருதிப்பெட்டியோடும் சேராமல் இப்படி நடுவில் நின்றால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம்.

பதிவு கெடவில்லை, பயப்பட வேண்டாம். சுருதி குறைக்கும் எஃபெக்ட் எதுவும் போடாதீர்கள். கோப்பின் உண்மையான விகிதம் என்ன என்று மென்பொருளுக்குச் சொன்னால் போதும். இனிமேல் இன்டர்ஃபேஸ், விண்டோஸ் ஒலி அமைப்பு, மென்பொருள் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும். நான் 48,000 வைக்கிறேன், வீடியோவோடு சேர்க்கவும் அது வசதி.

“ஊம்” என்று ஒரு சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நம் பழைய வீடுகளில் இதுதான் பெரிய தொல்லை. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் ஒலிக்குள் நுழைவதுதான் இந்த ஊம். 100 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி ஸட்ஜத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து கட்டையில் பாடுகிற பெண்கள் இதைத் தம்புரா நாதம் என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. சுருதியை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது, பதியும் நேரத்துக்கு பேட்டரியில் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் மைக் கேபிளை இன்டர்ஃபேஸில் இருந்து கழற்றுங்கள். இப்போது நின்றால் கேபிளோ மைக்கோதான் காரணம். அதற்கும் நிற்காவிட்டால் மின்சாரப் பக்கம் போக வேண்டும். ஊம் என்பதைவிடக் கூராக, வண்டு ரீங்காரம் மாதிரி இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பாதி வேகத்தில் இருக்கும்போது இப்படிக் கத்தும். முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ நின்றுவிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கேட்கிறது என்றால், அது சதுர அலை கொடுக்கும் பழைய வகை இன்வெர்ட்டர். கரண்ட் வரும்வரை காத்திருங்கள். “டிட் டிடிட்” என்று விட்டு விட்டு வந்தால் பக்கத்தில் கைப்பேசி இருக்கிறது.

லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். வேறு வேறு சுவர் ப்ளக்கில் செருகினால், எர்த் வயர்கள் வழியாக ஒரு வளையம் உண்டாகி ஊம் வரும். இதற்காக மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், அந்தப் பின் உயிரைக் காப்பது. பல வீடுகளில் ப்ளக்கில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் வயரே வந்திருக்காது. பர்மா தேக்குத் தூணுக்கு வருடா வருடம் எண்ணெய் போடுகிற வீட்டில் எர்த்தையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர் என்றால் அன்றைக்கே பதிவை நிறுத்துங்கள்.

புது கண்டென்சர் மைக். சத்தமே வரவில்லை.

இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தினீர்களா? கண்டென்சர் மைக்குக்கு அந்த மின்சாரம் வேண்டும். அழுத்தியும் வரவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். மைக் செட் கடைகளில் கிடைக்கும் கேபிளில் ஒரு முனை மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர், மறுமுனை ஒற்றைப் பின்னான பி-38 ஆக இருக்கும். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் பி-38 போகும் துளை வழியாக 48 வோல்ட் வராது. இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் வாங்குங்கள். அதில் இரண்டு வயர் ஒலியை எதிரெதிராக எடுத்துப்போகும், வழியில் சேரும் இரைச்சல் கடைசியில் கழிந்துவிடும். மேலே சொன்ன ஊமும் பாதி இதிலேயே போய்விடும்.

வீணையில் ஒட்டும் பிக்கப் வைத்துப் பதிந்தேன். சன்னமாக, தகரம் மாதிரி இருக்கிறது.

இன்புட்டை இன்ஸ்ட்ருமெண்ட் அல்லது ஹை-இஸட் என்பதற்கு மாற்றுங்கள். ஒட்டும் பிக்கப்புகள் பெரும்பாலும் பீசோ வகை. அவற்றைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் அடித்தொனி கரைந்துவிடும், 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை உள்ள இன்புட் வேண்டும். இருந்தாலும், பிக்கப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. குடத்துக்கு எதிரே ஒன்றரை அடி தள்ளி ஒரு மைக்கும் வையுங்கள். காரைக்குடி வீணை சகோதரர்கள் சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் வாசித்த ஊரில் வீணையின் கனம் இல்லாத பதிவைக் கேட்க மனம் ஒப்பவில்லை.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்தால் ஒன்றைவிட மோசமாக இருக்கிறது. கனத்த ஒலிப் பக்கமான தொப்பியின் கும்கி காணாமல் போகிறது.

இரண்டு மைக்கும் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருக்கின்றன. ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கி, சேர்க்கும்போது அடித்தொனி அழிகிறது. மென்பொருளில் ஒரு டிராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்புங்கள். கும்கி திரும்பி வரும். எந்த நிலையில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாதஸ்வரம் பதிந்தால் கிழிகிறது.

கெயினை இறக்குங்கள், ஒலியைத் தாழ்த்தும் பேட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், மைக்கை ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். நாதஸ்வரத்தின் ஒலி அதன் விரிந்த முனையான அணசில் இருந்து மட்டும் வருவதில்லை, துளைகளில் இருந்தும் வருகிறது. ஆகவே அணசுக்கு நேரே வைக்க வேண்டாம். மிகவும் உரக்க வாசிக்கச் சொல்லி, அப்போது மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் இவ்வளவு தாழ்த்தி வைப்பதால் எதுவும் குறையாது. பூஜ்ஜியத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

பதிவில் எதிரொலி வருகிறது. இதுவும் லேட்டன்சி என்கிற தாமதமா?

இல்லை, அது உங்கள் வீடு. ஆத்தங்குடித் தளம், கண்ணாடி மாதிரி வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும் பொருள்கள். கோலாட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் அழகாக இருக்கும் இடம் மைக்குக்குக் கடினம். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒருமுறை கை தட்டுங்கள். பதிவில் கேட்ட அதே இழுவை அறையிலும் கேட்டால் அது எதிரொலி.

வளவைச் சுற்றி இருக்கும் சின்ன அறை ஒன்றுக்குள் போங்கள். தரையில் ஜமக்காளம், பாடுகிறவருக்குப் பின்னால் கொடியில் இரண்டு கனமான போர்வை, சுவரோரம் மெத்தை. இதுவே பெரிய மாற்றம். ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த அறைகளில் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும். மிருதங்கமோ கனத்த குரலோ ஒலித்தால் பித்தளையும் எவர்சில்வரும் கூடவே பாடும். பதிந்து முடித்த பிறகு, எங்கிருந்தோ ஒரு மணிச்சத்தம் வருகிறதே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். மயில் அகவுவதற்கு என்னிடம் மருந்து இல்லை, விடியற்காலையையும் மாலையையும் விட்டுவிட்டுப் பதியுங்கள்.

பாட்டு லேப்டாப்பில், மிருதங்கம் கைப்பேசியில் பதிந்தோம். தொடக்கம் சேர்கிறது, முடிவு சேரவில்லை.

இரண்டு கருவிக்கும் இரண்டு கடிகாரம். ஒவ்வொன்றும் துளி வேகமாகவோ துளி மெதுவாகவோ ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும், பத்து நிமிட ஆலாபனை முடியும்போது 30 ஆகியிருக்கும். இரண்டு யுஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் செருகினாலும் இதே கதைதான். இரண்டு இன்புட் உள்ள ஒரே இன்டர்ஃபேஸ் இருந்தால் கடிகாரம் ஒன்றுதான். ஏற்கெனவே பதிந்துவிட்டது என்றால், தொடக்கத்தில் ஒரு கைதட்டலையும் முடிவில் ஒன்றையும் அடையாளமாக வைத்து ஒரு கோப்பை நீட்டியோ குறுக்கியோ சேர்க்கலாம். இனிமேல் இரண்டு இடத்திலும் தட்ட மறக்காதீர்கள்.

மிடி கீபோர்டு. கட்டையை அழுத்தியபின் தாமதமாக ஒலிக்கிறது.

மிடி கேபிளில் ஒலி போவதில்லை, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற செய்திதான் போகிறது. ஒரு சுரத்தின் செய்தி போக சுமார் ஒரு மில்லிசெகண்ட். ஆகவே கேபிள் மேல் தவறில்லை. ஆசியோவும் 128 பஃபரும் போட்டுப் பாருங்கள். விண்டோஸோடு வரும் சாதாரண மிடி ஒலியைப் பயன்படுத்தினால் தாமதம் போகாது. வயலின் கூட்டம் மாதிரி மெல்ல எழும் ஒலியை வைத்துக்கொண்டு தாமதம் என்று நினைப்பதும் உண்டு. பியானோவுக்கு மாற்றி ஒரு கட்டையைத் தட்டிப் பாருங்கள்.

தம்பி சிங்கப்பூரில் கீபோர்டு வாசிக்கிறான். நான் இங்கே பாட, அவன் அங்கே வாசிக்க, இணையத்தில் ஒரே நேரத்தில் பதிய முடியுமா?

பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள், இந்தக் கேள்வி வராமல் இருக்காது. காரைக்குடியில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்கோட்டில் இழை போட்டிருந்தால்கூட ஒரு வழிக்கு 15 மில்லிசெகண்ட், போகவர 30. உண்மையில் கேபிள் சுற்றிக்கொண்டு போகிறது, நடுவில் எத்தனையோ நிலையங்கள் வேறு. அதன் மேல் இரண்டு பக்கத்துப் பஃபரும், உங்கள் வீட்டு வைஃபையும் சேரும். நீங்கள் அவன் தாளத்துக்குக் காத்திருக்க, அவன் உங்கள் குரலுக்குக் காத்திருக்க, பாட்டு மெல்ல மெல்ல இழுபட்டுப்போகும். ஜாமுலஸ் போன்ற மென்பொருள்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு உதவும். இந்தத் தூரத்துக்கு உதவாது.

கோப்பாக அனுப்பிக்கொள்ளுங்கள். தம்பி முதலில் சுருதியும் தாளமும் வைத்து ஒரு வழித்தடம் வாசித்து அனுப்பட்டும். நீங்கள் அதைக் கேட்டுப் பாடுங்கள். உங்கள் குரலைப் பாட்டு தொடங்கும் இடத்தில் இருந்து வெட்டாமல், டிராக்கின் பூஜ்ஜியத்தில் இருந்தே வேவ் கோப்பாக எடுங்கள். அவன் தன் பக்கம் பூஜ்ஜியத்தில் வைத்தால் தானாகச் சேரும். 48,000, 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போனால் ஒலி சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். தம்பி மறுபடி தன் வாசிப்பை அனுப்பும்போது, “அக்கா, இந்த இடத்தில் நீ கொஞ்சம் நிறுத்திப் பாடினாய், அதற்குத் தகுந்தபடி வாசித்திருக்கிறேன்” என்று சொல்லும்படி அமையும்.